வல்லாரையா, வேறு இலையா?
கீரை பறிக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

வன்னியில் ஒரு குளத்தை அண்டிய கிராமம். அங்கே வசிக்கும் அந்த அம்மா விடியற்காலையிலேயே உரப்பை ஒன்றையும் சிறு கத்தியையும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்விடுவார். வல்லாரை, பொன்னாங்காணி என்று கிடைப்பதைப் பறித்து, கழுவி, பிடி பிடியாகக் கட்டி, வீதியோரத்தில் வைத்து விற்பார். 2009 ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதி நாட்களில் கணவரை இழந்தவர். நலன்புரி நிலையத்தில் இருந்துவிட்டு மீளக் குடியமர்ந்தபோது அவர் கையில் இருந்தது மூன்று பிள்ளைகளும் ஒரு கூடாரத் துணியும் மட்டுமே. அந்த நாட்களில் அடுப்பெரிய வைத்தது குளக்கரைக் கீரைதான்.

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தனக்கு நேர்ந்த ஒன்றை அவர் எமக்குச் சொன்னார்.

வழமையாக அவரிடம் வல்லாரை வாங்கும் ஆசிரியை ஒருவர், ஒரு நாள் முதல்நாள் வாங்கிய பிடியைத் திரும்பக் கொண்டுவந்தாராம். "அக்கா, கோவிக்காதேங்கோ. இதுக்குள்ள வேற இலையும் கிடக்கு. நாங்கள் பச்சையாச் சம்பல் போட்டுப் பிள்ளையளுக்குக் குடுக்கிறது. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாராம். பிடியை அவிழ்த்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. நல்ல வல்லாரைக்கு நடுவே, பார்வைக்கு அதே போன்ற வட்ட இலைகள் கொஞ்சம் கலந்திருந்தன. அன்று பறித்தது அவருடைய மகள். மழை இருட்டில் அவசரமாகப் பறித்திருக்கிறாள்.

"காசைத் திருப்பிக் குடுத்திட்டன். அது பெரிசில்லை. ஆனால் அந்த ஒழுங்கையில ஆரும் பிறகு ஒரு கிழமைக்கு என்னட்டைக் கீரை வாங்கேல்லை. ஆச்சி காலத்தில இருந்து பறிக்கிற எனக்கே இப்பிடி ஆகிப்போச்சே, தங்கச்சி" என்றார்.

கீரை விற்கும் பெண்ணுக்கு முதலீடு பணமல்ல, நம்பிக்கைதான். அது ஒரு பிடியில் போய்விடும். வாங்கிச் சமைக்கும் பெண்ணுக்கோ அது பிள்ளையின் உடல்நலம் பற்றிய விடயம். ஆகவே வல்லாரையையும் அதைப் போலத் தோன்றும் செடிகளையும் பிரித்தறிவது எப்படி என்று இம்முறை சற்று விரிவாகப் பார்ப்போம்.

பிழை எங்கே நேர்கிறது?

எமது பாட்டிமாருக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை. அவர்கள் பிறந்த மண்ணிலேயே வாழ்ந்தார்கள். எந்தக் கிணற்றடியில் எது முளைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எமது தலைமுறை அப்படியல்ல. தீவிலிருந்து வன்னிக்கு, வன்னிக்குள்ளேயே ஊர் ஊராக, பின்னர் முகாமுக்கு, மீண்டும் ஊருக்கு என்று பலமுறை இடம்பெயர்ந்தோம். கடற்கரை மணலில் வளர்ந்த பெண் குளத்துக் களிமண்ணில் குடியேறினாள். அங்கே இருந்த செடிகள் வேறு. காட்டித்தர வேண்டிய மூத்தவர்கள் பலர் இன்று இல்லை. எனவே பிழைவிடுவது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. விட்டுப்போன அறிவைத் திரும்பப் பெறுவதே தேவையானது.

பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம், நாம் ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் பார்ப்பதுதான். "வட்ட இலை, நிலத்தில் படர்கிறது, ஈரத்தில் நிற்கிறது, ஆகவே வல்லாரை" என்று முடிவுசெய்து விடுகிறோம். இந்த மூன்றும் பொருந்தும் செடிகள் பல உள்ளன.

இலையின் அளவும் எம்மை ஏமாற்றும். வெயிலில் வரண்ட நிலத்தில் நிற்கும் வல்லாரை குட்டைக் காம்பும் சிறிய இலையுமாக நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதே கொடியை நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் நட்டால் காம்பு நீண்டு இலை பெருக்கும். சந்தையில் கிடைக்கும் பெரிய இலை வல்லாரையைப் பார்த்துப் பழகியவர் வயலோரத்துச் சிறிய வல்லாரையை வேறு செடி என்பார். எனவே அளவை நம்ப வேண்டாம். இலையும் காம்பும் கொடியும் அமைந்திருக்கும் விதத்தையே பார்க்க வேண்டும்.

அஞ்சறைப் பெட்டியில் ஒரு குடும்பம்

வல்லாரை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது தெரியுமா? கறட்டின் குடும்பத்தை. கொத்தமல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், சதகுப்பை ஆகியனவும் இதே குடும்பந்தான். பெருங்காயம் கூட இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேரிலிருந்து வடியும் பால்தான். உலகெங்கும் 3,500க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு பொது அடையாளங்களைச் சொல்லலாம். ஒன்று, பூக்கள் குடைக் கம்பிகள் போல ஒரே புள்ளியிலிருந்து விரியும். கொத்தமல்லி பூத்திருக்கும்போது பார்த்தால் இது விளங்கும். மற்றது, காய் முற்றினால் இரண்டாகப் பிரியும். ஒரு கொத்தமல்லியை எடுத்து விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கிப் பாருங்கள். சரிபாதியாகப் பிளக்கும்.

எமது சமையலறைக்கு இவ்வளவு கொடுத்த இதே குடும்பத்தில்தான் உலகின் கொடிய நச்சுச் செடிகள் சிலவும் உள்ளன. அவை எமது வயலோரத்தில் வளர்பவை அல்ல. குளிர்நாடுகளில் வளர்பவை. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். ஒரே குடும்பத்தில் உணவும் நஞ்சும் அருகருகே இருப்பதால்தான் இக்குடும்பத்துச் செடிகளை அடையாளம் காண்பதில் தாவரவியலாளர் கூட மிகுந்த கவனம் எடுக்கிறார்கள்.

வல்லாரையின் ஆறு அடையாளங்கள்

தாவரவியலாளர் சென்ரெல்லா ஏசியாற்றிக்கா என்று அழைக்கும் எமது வல்லாரையை ஒரு முழுக் கொடியாக, வேரோடு பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. காம்பு சேரும் இடம்: இலை சிறுநீரகம் போன்ற வடிவம். ஒரு பக்கத்தில் ஆழமான பிளவு உண்டு. அந்தப் பிளவின் அடியில்தான் காம்பு வந்து சேரும். இலையின் நடுவில் சேராது.

2. விளிம்பு: இலையின் ஓரம் முழுவதும் சிறு சிறு வளைவுகளாக, கூர்மையில்லாத பற்கள் போல இருக்கும். வழவழப்பான நேர் ஓரம் இராது.

3. நரம்பு: காம்பு சேரும் புள்ளியிலிருந்து எல்லா நரம்புகளும் விரித்த கைவிரல்கள் போலப் பிரிந்து செல்லும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெளிவாகத் தெரியும்.

4. கொடி: மெல்லிய ஓடுதண்டு நிலத்தில் படரும். பல இடங்களில் அது சிவந்த நிறமாக இருக்கும். கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு கணுவிலிருந்து பெரும்பாலும் பல இலைகள் கொத்தாக எழும்பும். ஒவ்வொரு காம்பின் அடியும் சற்று அகன்று தண்டைத் தழுவி நிற்கும்.

5. பூ: இலைகளை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். நிலத்தோடு ஒட்டியபடி, இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த மிகச் சிறிய பூக்கள். ஒரு கொத்தில் பொதுவாக மூன்று பூக்களே இருக்கும்.

6. காய்: தட்டையான, வரிவரியான, மிகச் சிறிய காய். காய்ந்தால் இரண்டாகப் பிரியும். சதைப்பற்றான பழம் ஒருபோதும் இராது.

மணத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். வல்லாரையைக் கசக்கினால் அதற்கென்று ஒரு மெல்லிய மணம் உண்டுதான். ஆனால் கையில் ஏற்கனவே வல்லாரை மணம் பிடித்திருந்தால் எதை முகர்ந்தாலும் வல்லாரையாகத்தான் இருக்கும். மணம் துணைச் சாட்சியாக இருக்கட்டும். வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பூவும் காயும் எல்லாக் காலத்திலும் கிடைக்காது. அப்போது முதல் நான்கு அடையாளங்களும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஒன்று பிழைத்தாலும் அந்தக் கொடியை விட்டுவிடுங்கள்.

வல்லாரை போலத் தோன்றுபவை

எலிச்செவி: ஆசிரியையின் கைக்குப் போனது இதுதான். எலிக்காது இலை என்றும் சொல்வார்கள். குளத்துக் களிமண்ணில், நீர் வற்றிய பகுதிகளில் படர்ந்திருக்கும். இலை சிறியது. வல்லாரை போலவே சிறுநீரக வடிவம், ஓரத்தில் சிறு பற்கள், கணுக்களில் வேர் எல்லாம் உண்டு. ஆனால் இலைகள் கொத்தாக எழாமல் கொடி நெடுகிலும் ஒவ்வொன்றாக நிற்கும். பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை. சிறு மணி போன்ற மஞ்சள் பூ. இது கறட் குடும்பம் அல்ல, வற்றாளைக் கிழங்கின் குடும்பம். வல்லாரைக்கு ஒருபோதும் மஞ்சள் பூ வராது. எலிச்செவியை நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்துவர். மருந்துச் செடி என்பதாலேயே அதைப் பச்சையாகச் சம்பல் போடலாம் என்று ஆகிவிடாது.

குடை இலைச் செடி: அழகுக்காகப் பூச்சாடிகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளர்க்கப்படும் அமெரிக்க நாட்டுச் செடி. வட்டமான, பளபளப்பான இலை. ஈரம் கண்டால் சாடியை விட்டு வெளியேயும் பரவக்கூடியது. "வெளிநாட்டு வல்லாரை" என்று சிலர் நினைப்பதுண்டு. இதைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு நட்டநடுவில், குடைக்குப் பிடி போல வந்து சேர்ந்திருக்கும். இலையில் பிளவே இராது. முன்னைய நூல்கள் இதையும் கறட் குடும்பத்தில் வைத்திருந்தன. பின்வந்த ஆய்வுகளுக்குப் பிறகு வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மலைநாட்டுச் சிறு இலை: மேற்சொன்ன குடை இலைச் செடியின் உறவினங்கள் சில மலையகத்தில் ஈரமான ஓடைக் கரைகளிலும் புற்றரைகளிலும் வளர்கின்றன. இவற்றின் காம்பு வல்லாரை போலவே பிளவில்தான் சேரும். எனவே இங்கே முதலாவது அடையாளம் கைகொடுக்காது. இலை ஓரத்தைப் பாருங்கள். சிறு வளைவுகள் மட்டுமன்றி, இலையே ஐந்து, ஏழு மடல்களாகப் பிரிந்தாற்போல இருக்கும். பூக்களும் மூன்றல்ல. பல சிறு பூக்கள் சேர்ந்து ஒரு சிறு உருண்டையாக நிற்கும்.

நிழல்படு கொடி: மரங்களின் கீழே, ஈரச் சருகுகளுக்கிடையில் படரும் இன்னொரு கொடி உண்டு. இது கோப்பியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை இதய வடிவம். ஓரம் வழவழப்பாக, பல் எதுவும் இல்லாமல் இருக்கும். இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே நிற்கும். வெள்ளைப் பூ பூத்து, பின் சிவந்த, சதைப்பற்றான சிறு பழம் காய்க்கும். ஓரத்தில் பல் இல்லையா, சிவப்புப் பழம் இருக்கிறதா, அது வல்லாரை அல்ல.

இந்த நான்கையும் ஒருமுறை வல்லாரையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு மறக்காது. மகளிர் சங்கக் கூட்டங்களில், கிராமத்து மூத்த பெண் ஒருவரையோ சுதேச வைத்தியர் ஒருவரையோ அழைத்து, உண்மைச் செடிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் செலவிடலாம். படத்தைப் பார்த்துக் கற்பதைவிட அது பயன்மிக்கது.

பெயரும் ஏமாற்றும்

இலை மட்டுமல்ல, பெயரும் எம்மைக் குழப்பும். "பிராமி" என்ற பெயரில் விற்கப்படும் தூளும் எண்ணெயும் கடைகளில் கிடைக்கின்றன. இந்தப் பெயரால் சில இடங்களில் வல்லாரையையும் வேறு சில இடங்களில் நீர்ப்பிரமியையும் குறிக்கிறார்கள். நீர்ப்பிரமி முற்றிலும் வேறான செடி. அதன் இலை சிறியது, தடித்தது, நீள்வட்டமானது. பொதியில் பிராமி என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தாவரவியற் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதேபோல, கருஞ்சீரகம் என்ற பெயரில் சீரகம் இருக்கிறது. ஆனால் அது சீரகக் குடும்பமே அல்ல. பெயரை நம்பிச் சமையலிலோ மருந்திலோ ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போடக் கூடாது.

கறட் இலை போல ஒரு களை

வல்லாரையைப் பற்றிப் பேசும்போது, கறட் என்று தவறாக எண்ணக்கூடிய ஒரு களையையும் சொல்லாமல் விட முடியாது. அதுதான் பாத்தீனியம். யுத்த காலத்தில் எமது பகுதிகளுக்குள் நுழைந்து, மக்கள் இடம்பெயர்ந்து வெறுமையாகக் கிடந்த காணிகளில் தடையின்றிப் பரவிய அமெரிக்க நாட்டுச் செடி. ஆங்கிலத்தில் இதற்கு "கறட் களை" என்றே ஒரு பெயர் உண்டு. இளம் செடியின் இலை கறட் இலை போலவே நுண்ணியதாகப் பிரிந்து, நிலத்தோடு வட்டமாக விரிந்திருக்கும்.

மீளக் குடியமர்ந்து காணி துப்புரவாக்கும் பெண்களும், கூலிக்குக் கறட் பாத்திகளில் களை பிடுங்கும் பெண்களும் இதை அறிந்திருக்க வேண்டும். பாத்தீனியம் தோலில் பட்டால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும். பூந்தூள் மூச்சோடு சென்றால் இழுப்பும் வரலாம். மாடு தின்றால் பால் கசக்கும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளைத் தரும்.

பிரித்தறிவது இப்படித்தான். கறட் இலையைக் கசக்கினால் கறட் மணம் வரும். பாத்தீனியத்தில் வராது. ஆனால் இதைச் சோதிக்கவென்று பாத்தீனியத்தை வெறுங்கையால் கசக்க வேண்டாம். கறட் முதல் வருடத்தில் நிமிர்ந்த தண்டு விடாது. பாத்தீனியமோ சில வாரங்களிலேயே வரிகள் கொண்ட, மயிர் படர்ந்த தண்டோடு எழும்பிக் கிளைக்கும். பூத்தால், கறட் விரிந்த வெள்ளைக் குடை போலப் பூக்கும். பாத்தீனியத்தின் பூ மிளகளவு வெள்ளை மொட்டுக்கள் போல, கிளை நுனிகளில் சிதறலாக இருக்கும்.

பாத்தீனியத்தைப் பூக்கும் முன்னரே, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். நீண்ட கைச் சட்டை அணியுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பூத்த செடியைக் கூட்டெருவில் போட வேண்டாம். வேலை முடிந்ததும் கை கால்களைச் சவர்க்காரம் இட்டுக் கழுவி உடுப்பை மாற்றுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போகாதிருப்பதே நல்லது.

வெளிநாட்டில் உறவினர் இருந்தால்

எம்மில் பலருடைய பிள்ளைகளும் சகோதரர்களும் இங்கிலாந்து, கனடா, நோர்வே போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். அங்குள்ள அம்மாமார் சிலர், ஊர்ப் பழக்கத்தில் பூங்கா ஓரங்களில் இலை பறிப்பதுண்டு. அவர்களுக்கு இதைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

அந்த நாடுகளின் வீதியோரங்களில் காட்டுக் கறட் வளரும். அதற்குப் பக்கத்திலேயே எம்லொக் என்ற நச்சுச் செடியும் வளரும். இரண்டும் கறட் குடும்பம். இரண்டுக்கும் பிரிந்த இலை, வெள்ளைக் குடைப் பூ. காட்டுக் கறட்டின் தண்டில் மயிர்கள் உண்டு. எம்லொக்கின் தண்டு மயிரில்லாமல் வழவழப்பாக, உள்ளே பொள்ளாக, ஊதா நிறப் புள்ளிகளோடு இருக்கும். கசக்கினால் எலி நாற்றம் போன்ற கெட்ட மணம் வரும். கி.மு. 399 இல் கிரேக்க ஞானி சோக்கிரத்தீசுக்கு மரண தண்டனையாகக் கொடுக்கப்பட்ட நஞ்சு இந்தச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது என்பர். இதே குடும்பத்தின் இன்னொரு பெருஞ்செடியின் சாறு தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால், நெருப்புச் சுட்டது போலக் கொப்புளங்கள் உண்டாகும்.

அந்த நாட்டில் நன்கு பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித் தராமல், இந்தக் குடும்பத்துக் காட்டுச் செடி எதையும் பறிக்கக் கூடாது. வல்லாரை வேண்டுமென்றால் தமிழ்க் கடையில் வாங்கட்டும்.

எங்கே பறிப்பது?

சரியான செடியாக இருந்தாலும் அது நின்ற இடம் பிழையாக இருக்கலாம். வல்லாரையைப் பெரும்பாலும் பச்சையாகவே உண்கிறோம். சமைக்கும்போது அழியும் கிருமிகளும் புழு முட்டைகளும் சம்பலில் அழிவதில்லை. ஆகவே,

கழிவுநீர் ஓடும் கானோரத்திலும், மலசலகூடக் குழிக்கு அருகிலும், ஆடு மாடு கட்டும் இடத்திலும் பறிக்க வேண்டாம்.

வயலுக்குப் பூச்சிநாசினியோ களைநாசினியோ தெளித்த நாட்களில் வயல் வரம்பிலும் வாய்க்காலிலும் பறிக்க வேண்டாம். எப்போது தெளித்தார்கள் என்று வயற்காரரிடம் கேட்டறியுங்கள்.

வாகனங்கள் நிறைய ஓடும் வீதியோரத்தைத் தவிருங்கள். புகையும் தூசும் இலையில் படிந்திருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடத்துக்கும், துப்புரவாக்கி முடிந்ததென்று அறிவிக்கப்படாத பற்றைக்காணிக்கும் கீரைக்காகவோ விறகுக்காகவோ போகவே வேண்டாம். அங்கே செழித்து வளர்ந்திருக்கிறதென்றால், யாரும் கால்வைக்காததே அதற்குக் காரணம். பிள்ளைகளைத் தனியே கீரை பறிக்க அனுப்பும்போதும் இதைச் சொல்லி அனுப்புங்கள். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

பறித்த இலையைச் சுத்தமான நீரில் மூன்று நான்கு முறை, காம்பின் அடிவரை விரித்துக் கழுவுங்கள். கழுவும் அந்த நேரமே இலை இலையாகப் பார்த்து வேறுபிரிக்கவும் ஏற்ற நேரம். உப்பு நீரில் ஊறவைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். ஓடும் நீரில் அலசுவதே முக்கியம். இடத்தின் சுத்தம் பற்றி ஐயம் இருந்தால் சம்பலை விட்டு, நன்றாக வேகவைத்த கறியாகச் செய்யுங்கள்.

பிழையாக உண்டுவிட்டால்

தெரியாத இலையை உண்ட பின் வாந்தி, வயிற்றுவலி, தலைச்சுற்று, வாய் எரிவு, மூச்செடுக்கச் சிரமம் என்று எது தோன்றினாலும் வீட்டு வைத்தியம் செய்து காலம் கடத்த வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். உண்ட செடியின் மிகுதியை, முடிந்தால் பூவும் வேரும் சேர்த்து, ஒரு பையில் வைத்திய சாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வைத்தியருக்கு அது பெரிய உதவி.

உண்மையான வல்லாரையிலும் அளவு வேண்டும். உணவாக இடையிடையே உண்பது வேறு, மருந்தாகத் தூளையும் குளிசையையும் மாதக்கணக்கில் எடுப்பது வேறு. அப்படி எடுத்த மிகச் சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. கர்ப்பிணிகளும் ஈரல் நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் மருந்தளவில் எடுக்கக் கூடாது.

கிணற்றடியில் ஒரு பாத்தி

சந்தேகமில்லாத வல்லாரை வேண்டுமென்றால் ஒரே வழி, நன்கு தெரிந்த ஒரு கொடியிலிருந்து நாமே வளர்ப்பதுதான். விதை தேவையில்லை. வேர்விட்ட கணுவோடு ஓடுதண்டைத் துண்டுகளாக வெட்டி நட்டால் போதும். கிணற்றடியில் குளிக்கும் நீர் வடியும் பக்கம் வசதியாகத் தோன்றும். ஆனால் சவர்க்கார நீர் தேங்கும் இடம் வேண்டாம். நல்ல நீர் வடியும் பக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். காணி இல்லாதவர்கள் பழைய வாளியிலோ உரப்பையிலோ நடலாம். நஞ்சு மருந்து இருந்த கொள்கலன்களை மட்டும் எடுக்க வேண்டாம். மக்கிய எருவும் மண்ணும் கலந்து, பாதி நிழலில் வைத்து, மண் காயாமல் நீர் விடுங்கள். இரண்டு மாதமளவில் பறிக்கத் தொடங்கலாம். கொடியைப் பிடுங்காமல் காம்போடு இலையை மட்டும் வெட்டினால் மீண்டும் மீண்டும் தழைக்கும். பாத்திக்குள் வேறு வட்ட இலை முளைத்தால் சிறிதாக இருக்கும்போதே களைந்துவிடுங்கள். மேலதிக ஆலோசனைக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம்.

சம்பலுக்கு, கழுவி நீர் வடித்த இலையை மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துப் பிசறி, பரிமாறும் நேரத்தில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். முன்கூட்டியே அரிந்து வைத்தால் இலை கறுத்துவிடும்.

அந்த அம்மா இப்போது குளக்கரைக்கு வல்லாரைக்காகப் போவதில்லை. கிணற்றுக்கு அப்பால் இரண்டு பாத்தி போட்டிருக்கிறார். முதல் கொடிகளைக் கொடுத்தவர் பக்கத்து ஊர் ஆச்சி ஒருவர். பிடி கட்டும் வேலை இன்னமும் மகளுடையதுதான். ஆனால் கட்டும் முன் ஒவ்வொரு இலையையும் திருப்பிக் காம்பைப் பார்த்துவிட்டே கட்டுகிறாள். முதல் வெட்டில் கட்டிய ஒரு பிடியை அந்த அம்மா ஆசிரியையின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

"காசு வேண்டாம், ரீச்சர். பிரிச்சுப் பாருங்கோ எண்டு சொன்னன். அவ பிரிச்சுப் பாத்தா. பிறகு, நாளைக்கும் ரெண்டு பிடி கொண்டு வாங்கோ எண்டா."